வாலாட்டுவது சம்மதமா? ஒரு டின் இறைச்சியும் சில தர்மக் கேள்விகளும்



நம் இளையர் சந்திப்புகளில் அகிம்சை பற்றிப் பேச்சு வந்தால் எப்போதும் ஒரே மாதிரிதான் போகும். சைவம் நல்லதா, அசைவம் பாவமா, முட்டை எதில் சேர்த்தி என்று பேசுவோம். கடைசியில் பசி வந்துவிடும், கலைந்துவிடுவோம். இந்தப் பேச்சு முழுக்க நம் தட்டைப் பற்றியது. நம்மை நம்பி வாழும் இன்னொரு உயிரின் தட்டில் என்ன விழுகிறது என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் கேள்வியைத்தான் இந்தக் கட்டுரையில் எடுத்துக்கொள்கிறேன். டின்னில் அடைத்த பதப்படுத்திய இறைச்சியை நாய்க்குக் கொடுக்கலாமா? கேட்கும்போது சின்ன விஷயம் மாதிரி இருக்கும். எங்கள் குடும்பத்தில் அது சின்ன விஷயமாக இல்லை.

உட்லண்ட்ஸில் என் அத்தை வீட்டில் மணி என்று ஒரு நாய் இருக்கிறது. கலப்பினம், சிங்கப்பூர் ஸ்பெஷல் என்று நாம் செல்லமாகச் சொல்வோமே, அந்த வகை. வீவக வீடுகளில் இப்படிப்பட்ட நாய்களை வளர்க்க வழிசெய்யும் ‘புராஜெக்ட் அடோர்’ திட்டத்தின் மூலம் வந்தவன். எடை 15 கிலோ. இப்போது வயதாகிவிட்டது. அத்தை பல வருஷமாகச் சுத்த சைவம். அதே வீட்டில் இருக்கும் தாத்தா அசைவம், ஆனால் மகளுக்காக வீட்டுக்குள் இறைச்சியைக் கொண்டுவரமாட்டார். காலையில் கீழே கோப்பிக்கடையில் பீ ஹூன் வாங்குவார். அதன் மேல் வைத்துத் தரும் லஞ்சன் மீட் துண்டைத் தான் சாப்பிடாமல் காகிதத்தில் மடித்து வைத்துக்கொள்வார். அது மணிக்கு. புளோக்கின் கீழ்த்தளத்தில் இருவருக்கும் தினமும் ஒரு சின்ன விருந்து நடக்கும்.

போன வருஷம் விலங்கு மருத்துவர் மணியின் நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்த்துவிட்டு, இதய வால்வில் பழுது இருக்கிறது, உப்பைக் குறையுங்கள் என்றார். வயதான நாய்களுக்கு இது பரவலாக வருவதுதான். அன்றிலிருந்து வீட்டில் வாக்குவாதம்.

“அப்பா, அதுக்கு உப்பு ஆகாதுப்பா. டாக்டர் சொன்னாருல்ல?”

“ஒரு துண்டுதானம்மா. வாலை எப்படி ஆட்டுது பாரு. அதுக்குப் பிடிக்கலைன்னா சாப்பிடுமா?”

தாத்தாவின் இந்த வாதத்தைச் சிரித்துவிட்டு ஒதுக்க முடியாது. நம்மில் பலர் செய்யும் தானம், உபசாரம், அன்பு எல்லாமே இந்த வாதத்தில்தான் நிற்கிறது. வாங்கிக்கொள்பவர் சந்தோஷப்பட்டால் கொடுத்தது சரி. அப்படித்தானே நினைக்கிறோம்?

முதலில் கணக்கைப் பார்ப்போம்

நான் பொறியியல் மாணவன். தர்மம் பேசுவதற்கு முன்னால் எண்களைப் பார்த்துவிடுவது என் பழக்கம்.

லஞ்சன் மீட் குடும்பத்தில் உலகப் புகழ் பெற்றது 1937ல் அமெரிக்காவில் அறிமுகமான ஸ்பாம். இரண்டாம் உலகப் போரில் படையினரோடு பசிபிக் தீவுகள், பிலிப்பைன்ஸ் என்று பரவியது. அதன் சாதாரண வகையின் லேபிளில் 56 கிராமுக்கு 180 கலோரி, 16 கிராம் கொழுப்பு, 790 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருக்கும். 340 கிராம் டின் ஒன்றில் இப்படி ஆறு பங்கு. சோடியத்தை உப்பாக மாற்றிக் கணக்குப் போட்டால் ஒரு டின்னில் சுமார் 12 கிராம் உப்பு வருகிறது. வளர்ந்த மனிதருக்கே ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்தச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

இப்போது மணி. 15 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 850 கலோரி தேவைப்படும். நாய்களின் உணவுக்கான அறிவியல் பரிந்துரை, ஒவ்வொரு 1000 கலோரிக்கும் 200 மில்லிகிராம் சோடியம். அப்படியென்றால் மணிக்கு ஒரு நாளைக்கு 170 மில்லிகிராம் போதும். கோப்பிக்கடைத் துண்டு மெல்லியது. 28 கிராம் என்று வைத்துக்கொண்டால் அதில் கிட்டத்தட்ட 395 மில்லிகிராம். இரண்டு நாள் தேவைக்கும் மேலே, ஒரே வாயில்.

இங்கே நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். அது விஷம் இல்லை. தேவைக்கு மேல் போனது உடனே ஆபத்து என்று அர்த்தமும் இல்லை. ஆரோக்கியமான நாய், பக்கத்தில் தண்ணீர் இருந்தால், கூடுதல் உப்பைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். உப்பு நஞ்சாக மாறுவது உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் உப்பு என்ற அளவில்தான் தொடங்கும் என்பார்கள். 15 கிலோ நாய்க்கு 30 கிராம், அதாவது இரண்டரை டின்னை ஒரே மூச்சில் தின்றால். எனவே என்றோ ஒருநாள் நாய் ஒரு துண்டைத் திருடித் தின்றுவிட்டது என்று யாரும் பதறி ஓடவேண்டாம். தண்ணீர் வைத்துவிட்டுக் கவனித்தால் போதும்.

ஆனால் மணியின் நிலைமை வேறு. பழுதான இதயத்துக்கு உப்பு கூடினால் உடம்பில் நீர் தேங்கும், இதயத்தின் வேலை கூடும். இன்னொன்றும் உண்டு. நமக்கு இந்த ஊர் வெயிலில் வியர்வை வழியாக உப்பு போய்விடுகிறது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணிக்கும். “வெயில்ல நடந்துச்சு, கொஞ்சம் உப்பு போகட்டும்” என்ற நம் கணக்கு அதன் உடம்புக்குப் பொருந்தாது.

உப்பைவிடச் சில நாய்களுக்கு உடனடி ஆபத்து கொழுப்பு. மேலே சொன்ன 180 கலோரியில் ஐந்தில் நான்கு பங்கு கொழுப்பிலிருந்து வருகிறது. கொழுப்பு மிகுந்த உணவு திடீரென்று வயிற்றுக்குள் போனால் சில நாய்களுக்குக் கணையம் வீங்கிவிடும். வாந்தி எடுக்கும், வயிற்று வலியில் முதுகை வளைத்துக்கொண்டு நிற்கும், சில சமயம் உயிருக்கே ஆபத்தாகும். பிறகு வெங்காயமும் பூண்டும். இவை நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தச்சோகை உண்டாக்கும். சமைத்தாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. டின்னில் வரும் கோழிக்கறி, மிளகாயும் வெங்காயமும் சேர்த்த சார்டின் போன்றவற்றை நாய்க்கு வைக்கவே கூடாது என்பது இதனால்தான்.

இதில் டின்மேல் எந்தத் தப்பும் இல்லை. டின்னில் அடைப்பது மனிதன் கண்டுபிடித்த நல்ல தொழில்நுட்பங்களில் ஒன்று. பிரெஞ்சுக்காரர் நிக்கோலா அப்பேர் கண்ணாடிப் புட்டியில் உணவை அடைத்துச் சூடாக்கிக் கெடாமல் வைக்கும் முறையை 1810ல் வெளியிட்டார். அதே ஆண்டு இங்கிலாந்தில் தகரக் குவளைக்குக் காப்புரிமை பதிவானது. இன்று 121 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, போட்டுலிசம் நோயைத் தரும் கிருமியின் வித்துகளைக்கூட அழித்துவிடுகிறார்கள். நாய்களுக்கென்றே தயாராகும் டின் உணவும் இதே முறையில்தான் வருகிறது. அதன் லேபிளில் ‘முழுமையான, சமச்சீரான உணவு’ என்று பொருள்படும் சொற்கள் இருந்தால், அந்த வயது நாய்க்குத் தேவையான எல்லாச் சத்தும் அதில் கணக்காக இருக்கவேண்டும். அது இல்லாமல் ‘துணை உணவு’ என்று போட்டிருந்தால் ஆசைக்குக் கொஞ்சம் கொடுக்கலாம், அதையே சாப்பாடாக வைக்கக்கூடாது.

ஆகவே பதில் இதுதான். பாதுகாப்பா என்று கேட்டால், லேபிளைப் பார்த்துச் சொல்லவேண்டும். இரண்டு டின்களுமே தகரம்தான், இரண்டுக்குள்ளேயும் இறைச்சிதான். ஒன்று நம் நாக்கை மனதில் வைத்துச் செய்தது. மற்றது நாயின் சிறுநீரகத்தை மனதில் வைத்துச் செய்தது.

கொடுப்பவரின் சந்தோஷம்

இனி தாத்தாவின் வாதத்துக்கு வருவோம். அவர் ஏன் லஞ்சன் மீட்டைத் தேர்ந்தெடுத்தார்? மலிவு என்பதால் இல்லை. அவருடைய அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1971ல் பிரிட்டிஷ் படை கிளம்பும்வரை அந்தத் தளத்தை நம்பி எத்தனையோ தமிழ், மலையாளக் குடும்பங்கள் வாழ்ந்தன. தாத்தாவின் சின்ன வயதில் டின் இறைச்சி என்பது எப்போதாவது வீட்டுக்கு வரும் அதிசயம். ஒரு டின்னை ஏழு பேர் பங்கு போட்டார்களாம். அதனால் அவர் மணிக்குக் கொடுப்பது மிச்சம் மீதி இல்லை. தனக்குத் தெரிந்ததிலேயே உயர்ந்ததைக் கொடுக்கிறார்.

இந்த இடத்தில் எனக்குக் கண்ணப்ப நாயனார் ஞாபகம் வருகிறார். காளத்தி மலையில், தான் வேட்டையாடிச் சுட்ட இறைச்சியை வாயில் வைத்து ருசி பார்த்து, நல்லதாகப் பொறுக்கி ஈசனுக்குப் படைத்தார். ஆகமப்படி பூசை செய்த சிவகோசரியார் அதைப் பார்த்துத் துடித்தார். இறைவன் கண்ணப்பரின் அன்பை ஏற்றுக்கொண்டார். சின்ன வயதிலிருந்து இந்தக் கதையை நாம் கேட்கிறோம். அன்போடு கொடுத்தால் எதுவும் சரி என்ற பாடத்தை எடுத்துக்கொள்கிறோம்.

ஆனால் அந்தப் பாடம் இறைவன் வாங்கிக்கொள்ளும்போது மட்டும்தான் முழுமையாகப் பொருந்தும். இறைவனுக்குக் கணையம் இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. நாம் எதைக் கொடுத்தாலும் அவன் அன்பை மட்டும் எடுத்துக்கொள்வான், கொடுத்த பொருள் அவனை ஒன்றும் செய்யாது. உயிர்கள் அப்படி இல்லை. மணியின் உடம்பு தாத்தாவின் அன்பைத் தனியாகவும் உப்பைத் தனியாகவும் பிரித்து எடுக்காது. இரண்டும் சேர்ந்தேதான் உள்ளே போகும்.

கீதையின் 17ஆவது அத்தியாயத்தில் பகவான் தானத்தை மூன்றாகப் பிரிக்கிறார். சாத்துவிக தானத்துக்கு அவர் சொல்லும் அடையாளங்களில் இடம், காலம், பாத்திரம் மூன்றும் வருகின்றன. பாத்திரம் என்பதற்கு வழக்கமாகத் தகுதியுள்ளவர் என்று பொருள் சொல்வார்கள். வாங்குபவர் தானத்துக்குத் தகுதியானவரா என்று பார். நான் அதைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டுப் பார்க்கிறேன். தானம் வாங்குபவருக்குத் தகுதியானதா? பாத்திரத்தின் அளவும் குணமும் தெரியாமல் ஊற்றினால் வழியும், இல்லையென்றால் விரிசல் விடும். கொடுப்பவரின் மனசு எவ்வளவு பெரியது என்பது அங்கே கணக்கில் வராது.

மணி வாலாட்டுகிறானே? ஆட்டுவான். வாலாட்டுவது ஆசை. அது சம்மதம் ஆகாது. சம்மதம் என்றால் என்ன நடக்கும் என்று தெரிந்து ஒத்துக்கொள்வது. மூன்று வயதுக் குழந்தை மிட்டாய்க்குக் கைநீட்டினால் நாம் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதில்லை. தெரிந்துகொள்ளும் பொறுப்பு நம்முடையது என்று எடுத்துக்கொள்கிறோம். நாய் காலம் முழுக்க அந்தக் குழந்தையின் நிலையிலேயே இருக்கிறது. தெரிந்துகொள்ளும் வேலையை அதற்காக வேறு யாரும் செய்யப்போவதில்லை.

லேபிளைப் படிக்காத வாடிக்கையாளர்

அந்த வேலையை எல்லாரும் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2007ல் நடந்தது சாட்சி. வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் திடீரென்று சிறுநீரகம் செயலிழந்து செத்தன. பல பிராண்டுகளின் ஈர உணவு டின்களையும் பொட்டலங்களையும் கோடிக்கணக்கில் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதப் பொடியில் மெலமைன் கலந்திருந்தது. மெலமைன் என்றால் தட்டு, மேசைப்பலகை செய்யும் பிளாஸ்டிக்குக்கான மூலப்பொருள்.

ஏன் கலந்தார்கள்? வழக்கமான புரதச் சோதனை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து அதிலிருந்து புரதத்தைக் கணக்கிடும். மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். கொஞ்சம் கலந்தால் போதும், காகிதத்தில் புரதம் உயர்ந்துவிடும். சோதனையில் பாஸ், சிறுநீரகத்தில் படிகம். மறு ஆண்டே, 2008ல், அதே பொருள் சீனாவில் குழந்தைகளின் பால்மாவில் வந்தது. சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்தன. சிங்கப்பூர் அந்த ஆண்டு செப்டம்பரில் சீனப் பால் பொருள்களின் விற்பனையை நிறுத்தியது. நம்மில் பலர் அப்போது கைக்குழந்தைகள்.

முதலில் நாய், பிறகு குழந்தை. இந்த வரிசையை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. இரண்டுமே வாங்குபவர் ஒருவர், சாப்பிடுபவர் வேறொருவர் என்ற இடம். சாப்பிடுபவருக்கு லேபிளைப் படிக்கவோ, ருசி மாறியிருக்கிறது என்று புகார் சொல்லவோ தெரியாது. ஏமாற்றுபவன் எப்போதும் வாயில்லாதவனிடம்தான் முதலில் கைவைப்பான். வாயில்லா ஜீவன் என்று நம் பாட்டிமார் சொல்லும் வார்த்தைக்கு எனக்கு அப்போதுதான் முழு அர்த்தம் புரிந்தது. பேச முடியாதது என்பது மட்டுமில்லை. அதற்காக வேறு யாராவது கேட்டால்தான் உண்டு.

மகாபாரதமே இப்படி ஒரு கேள்வியைத் தொடக்கத்தில் வைத்திருக்கிறது. ஜனமேஜயனின் வேள்விச் சாலைக்கு வந்த ஒரு நாய்க்குட்டியை அவன் தம்பிமார் அடித்து விரட்டுகிறார்கள். அது நெய்யை நக்கவும் இல்லை, ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை. அழுதுகொண்டே தாயிடம் போகிறது. தாய் சரமை நேரே அரசனின் சபைக்கு வந்து, என் பிள்ளை செய்த குற்றம் என்ன என்று கேட்கிறாள். பதில் இல்லை. அவள் சாபம் கொடுத்துவிட்டுப் போகிறாள். கதையின் மறுமுனையில் யுதிஷ்டிரர், தன்னோடு நடந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்கிறார். அடைக்கலம் புகுந்ததைக் கைவிடுவது பெரும் பாவம் என்பது அவருடைய வாதம். நாய் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அதற்காக அவர் பேசினார்.

சைவ வீட்டில் இறைச்சி

இப்போது கஷ்டமான பகுதி. தாத்தாவின் துண்டை நிறுத்தவேண்டும், சரி. அதற்குப் பதில் என்ன? நாய்க்கு இறைச்சியே வேண்டாம், தயிர்சாதம் போடுவோம் என்றால் முடிந்துவிடுமா?

சைவ வீடுகளில் நான் பார்த்த ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன். நாய்க்கு உலர் உணவு வாங்குவார்கள். பழுப்பு நிறத்தில் பிஸ்கட் மாதிரி இருக்கும், வாசனையும் அதிகம் இராது. அதைக் கையால் எடுத்துப் போடுவதில் யாருக்கும் சங்கடம் இல்லை. பையைத் திருப்பினால் பெரும்பாலும் முதல் வரியிலேயே கோழி என்றோ ஆடு என்றோ இருக்கும். கண்ணுக்கு இறைச்சியாகத் தெரியாதவரை நமக்குப் பிரச்சினை இல்லை. அப்படியென்றால் நாம் காப்பாற்றுவது கோழியையா, நம் கண்ணையா?

திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் இந்த ஓட்டையை எப்போதோ அடைத்துவிட்டது. தின்பதற்காக வாங்குபவர் இல்லாவிட்டால் விற்பதற்காகக் கொல்பவரும் இருக்கமாட்டார் என்ற கருத்து அங்கே வருகிறது. நான் கொல்லவில்லை, வாங்கினேன் என்று தப்பிக்க முடியாது. நான் தின்னவில்லை, நாய்க்குத்தான் வாங்கினேன் என்றாலும் அந்தத் தர்க்கம் நம்மைத் துரத்தும்.

சரி, நாய் சைவமாக வாழ முடியுமா? பூனையால் முடியாது. டாரின் போன்ற சில சத்துகள் அதற்கு விலங்கு உணவிலிருந்து வந்தாக வேண்டும், இல்லையென்றால் செயற்கையாகச் சேர்க்கவேண்டும். நாய் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் பிராணி. 2013ல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஓநாயிடம் இல்லாத அளவுக்கு நாயிடம் மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுப் பிரதிகள் பெருகியிருப்பதைக் காட்டினார்கள். மனிதனோடு சேர்ந்து சோறும் ரொட்டியும் தின்று தின்று மாறிய உடம்பு அது. நம் ஊர்த் திண்ணை நாய்கள் பழைய சோற்றில் வளர்ந்ததன் ரகசியம் இதுதான். ஆனால் உயிரோடு இருப்பது வேறு, நல்லபடியாக இருப்பது வேறு. வெறும் தயிர்சாதத்தில் புரதமும் தாதுக்களும் போதாது. மறுபக்கம், வெறும் இறைச்சியும் போதாது. அதில் கால்சியம் மிகக் குறைவு, குட்டி நாய்க்கு அதை மட்டுமே போட்டால் எலும்பு பலவீனமாகி வளையும். சத்துகளைக் கணக்கிட்டுத் தயாரித்த சைவ நாயுணவு இருக்கிறது. ஆரோக்கியமான, வளர்ந்த நாய்க்கு விலங்கு மருத்துவரைக் கேட்டு அதைக் கொடுத்துப் பார்க்கலாம். எடையும் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கிறதா என்று தொடர்ந்து கவனிக்கவேண்டும்.

மணிக்கு மருத்துவர் அந்த வழியைச் சொல்லவில்லை. வயதான, இதய நோயுள்ள நாய்க்குச் சாப்பாட்டை அடியோடு மாற்றிச் சோதித்துப் பார்க்க வேண்டாம் என்றார். அவனுக்கென்று சொன்ன உணவையே தொடருங்கள், ஆசைக்கு உப்புப் போடாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி விரல்நுனி அளவு கொடுக்கலாம் என்றார்.

அடுத்த வாரம் அத்தை ஒரு சின்னப் பாத்திரம் வாங்கினார். வீட்டுச் சமையலுக்கு இல்லை. துணி காயப்போடும் இடத்தில் ஒரு மின் அடுப்பு வைத்து, அதில் கோழியை அவரே வேகவைத்தார். இருபது வருஷத்துக்கு மேல் இறைச்சியைக் கையால் தொடாதவர். முதல் நாள் முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு செய்தார். “நான் செய்றேன் அத்தை” என்று சொன்னேன். “நீ சனிக்கிழமை வருவடா. மத்த ஆறு நாள் யார் செய்வா? அவனைக் கேட்டா கூட்டிட்டு வந்தோம், நாமதானே போய்த் தூக்கிட்டு வந்தோம்” என்றார். சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி டப்பாவில் போட்டுத் தாத்தாவிடம் கொடுத்தார். காலை விருந்து நிற்கவில்லை. காகிதத்துக்குப் பதில் டப்பா, அவ்வளவுதான்.

அத்தை செய்தது தர்மமா, விரதபங்கமா? இதைத்தான் நான் உங்களிடம் கேட்க விரும்புகிறேன். என் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வனபர்வத்தில் தர்மவியாதர் வருகிறார். மிதிலையில் இறைச்சிக் கடை வைத்திருப்பவர். தவத்தில் கர்வம் கொண்ட கௌசிகர் என்ற அந்தணர் அவரிடம் தர்மம் கற்க அனுப்பப்படுகிறார். தான் விற்கும் இறைச்சி பிறர் கொன்றது, தான் இறைச்சி உண்பதில்லை என்று அந்த வியாதர் சொல்கிறார். தன் தொழிலில் பாவமே இல்லை என்று அவர் சாதிக்கவில்லை. உழும்போதும் நடக்கும்போதும்கூட உயிர்கள் சாகின்றன, முழுக்க அகிம்சையோடு வாழ்பவர் யார் என்று கேட்கிறார். பிறகு கௌசிகரை உள்ளே அழைத்துப்போய், தன் வயதான பெற்றோருக்குத் தான் செய்யும் பணிவிடையைக் காட்டுகிறார். கௌசிகர் கற்றுக்கொண்டது இதுதான் என்று நினைக்கிறேன்: கை எதைத் தொட்டது என்பதைவிட, அந்தக் கையை நம்பி இருப்பவர் நன்றாக இருக்கிறாரா என்பது பெரிய கேள்வி.

அதனால் என் கணக்கில் அத்தையின் விரதம் உடையவில்லை. அது சுத்தம் என்ற நிலையிலிருந்து பொறுப்பு என்ற நிலைக்கு நகர்ந்தது. தான் தொடாமல் இருந்து, தாத்தாவின் காகிதத் துண்டைக் கண்டும் காணாமல் விட்டிருந்தால் அவர் கை சுத்தமாக இருந்திருக்கும். மணியின் இதயம் அதற்கு விலை கொடுத்திருக்கும். ஆனால் அந்தக் கோழிக்கு என்ன பதில்? அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இருக்கிறது என்று சொன்னால் அது பொய். தேவைக்கு மேல் ஒரு துண்டும் போடாமல் இருப்பதும், அடுத்த நாயை எடுக்கும் முன் இந்தக் கேள்வியை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசுவதும்தான் எனக்குத் தெரிந்த மரியாதை. நாய்க்குத் தேவையானதை நம் கொள்கை அனுமதிக்காது என்றால் நாய் வளர்க்காமல் இருப்பதும் ஒரு நேர்மையான முடிவுதான். சட்டமும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. 2014ல் திருத்தப்பட்ட விலங்குகள், பறவைகள் சட்டத்தின்படி, பிராணிக்குப் போதுமான, பொருத்தமான உணவும் தண்ணீரும் கொடுப்பது வளர்ப்பவரின் கடமை. ‘பொருத்தமான’ என்பது யாருக்குப் பொருத்தமான? பிராணிக்குத்தான்.

நாம் என்ன செய்யலாம்?

நம்மில் சிலர் கிராஞ்சி, செனோக்கோ பக்கம் தொழிற்பேட்டைகளில் தெருநாய்களுக்குச் சாப்பாடு வைக்கிறீர்கள் என்று தெரியும். நல்ல காரியம். ஐந்து மகா யக்ஞங்களில் பிற உயிர்களுக்கு உணவிடும் பூத யக்ஞமும் ஒன்று. அந்த நாய்களுக்குக் கருத்தடை செய்து திரும்ப விடும் தேசியத் திட்டம் 2018 நவம்பரிலிருந்து நடக்கிறது. சாப்பாடு வைப்பவர்களை நம்பித்தான் அதில் பல வேலைகள் நடக்கின்றன. உங்களுக்கு மூன்று சின்ன வேண்டுகோள்.

லஞ்சன் மீட், டின் கறி வேண்டாம். வீட்டு நாய்க்காவது தண்ணீர்க் கிண்ணம் இருக்கும். தெருநாய்க்கு உப்புச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் கிடைக்குமா என்பது நிச்சயம் இல்லை. நாய்க்கென்று தயாரித்த, முழுமையான உணவு என்று போட்டதை வாங்குங்கள். ஐந்து பேர் பங்கு போட்டால் பெரிய செலவு இல்லை.

சாப்பாட்டோடு தண்ணீரும் வையுங்கள். தின்று முடித்ததும் மிச்சத்தையும் டின்னையும் எடுத்துவிடுங்கள். திறந்த டின் நம் வெப்பத்தில் சீக்கிரம் கெட்டுவிடும், அதன் விளிம்பு நாக்கைக் கிழிக்கும். சிந்திக் கிடந்தால் எலியும் புறாவும் வரும், குப்பை போட்டதற்கு அபராதமும் வரும், கடைசியில் அக்கம்பக்கத்தார் கோபம் நாய்மேல்தான் திரும்பும்.

மூன்றாவது, வீட்டில் பெரியவர்கள் பாசத்தில் எதையாவது கொடுத்தால் அதட்டி நிறுத்தாதீர்கள். கையில் இருப்பதைப் பிடுங்காமல், அந்தக் கைக்கு வேறொன்றைக் கொடுங்கள். தாத்தாவுக்கு வேண்டியிருந்தது லஞ்சன் மீட் இல்லை. காலையில் தன்னை எதிர்பார்த்து ஓடிவரும் ஓர் உயிர் வேண்டியிருந்தது.

தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவர் சந்நிதியில் நிற்கிறோம். அவர் பக்கத்தில் நாயைப் பார்த்துத் தொட்டுக் கும்பிடுகிறோம். நேப்பாளத்தில் திகார் பண்டிகையின்போது நாய்க்கென்றே ஒரு நாள் ஒதுக்கி, மாலை போட்டுத் திலகம் வைத்து விருந்து வைக்கிறார்கள். நமக்கு அப்படி ஒரு நாள் இல்லை. பரவாயில்லை. அடுத்த முறை நாய்க்கு ஏதாவது கொடுக்கும் முன் டின்னைத் திருப்பி, சின்ன எழுத்தில் இருப்பதை ஒரு நிமிடம் படியுங்கள். அதற்குப் படிக்கத் தெரியாது.

அத்தையின் பாத்திரத்தைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அடுத்த சந்திப்பில் வந்து சொல்லுங்கள். என்னோடு ஒத்துப்போகாதவர்கள் அவசியம் வாருங்கள்.